வண்டுகளை எண்ணிய பாஸ்கராச்சாரியார்

கணக்கு என்றாலே முகம் சுளிப்பவர்கள் நம்மில் அநேகர். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதாதா, அதற்கு மேல் எதற்கு என்று கேட்பார்கள். அதிலும் இருபடிச் சமன்பாடு என்ற பாடம் வந்துவிட்டால், இது எந்தக் காலத்தில் சோறு போடப் போகிறது என்று பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். பதில் சொல்லத் தெரியாமல் பெற்றோர்களும் விழிப்பார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்காகவே எழுதியது போல ஒரு புத்தகம் 1150-ஆம் ஆண்டில் நம் நாட்டில் தோன்றியது. அதில் வண்டுகள் பறக்கின்றன. குரங்குகள் குதிக்கின்றன. அன்னங்கள் ஏரியில் நீந்துகின்றன. அர்ஜுனன் அம்பு விடுகிறான். எல்லாம் கணக்கு! அதிலும் இருபடிச் சமன்பாட்டுக் கணக்கு!

அந்தப் புத்தகத்தின் பெயர் லீலாவதி. எழுதியவர் பாஸ்கராச்சாரியார். அந்த மேதையின் வாழ்க்கையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

மலையடிவாரத்துப் பிள்ளை

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வடக்கே சஹ்யாத்ரி என்று பெயர். அந்த மலையின் அடிவாரத்தில் விஜ்ஜடவிடம் என்று ஓர் ஊர் இருந்தது. கல்வியிற் சிறந்த பெரியோர் பலர் வாழ்ந்த ஊர் அது. அங்கே மகேசுவரர் என்ற சோதிட வல்லுநரின் மகனாகப் பாஸ்கரர் பிறந்தார். ஆண்டு கி.பி. 1114.

பழங்காலத்து அறிஞர்கள் பலருக்குப் பிறந்த ஆண்டே தெரியாது. கதைகளை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கும். பாஸ்கரர் விஷயத்தில் அந்தத் தொல்லை இல்லை. தாம் பிறந்தது சக ஆண்டு 1036 என்றும், தம்முடைய 36-ஆவது வயதில் நூலை முடித்ததாகவும் அவரே எழுதி வைத்துவிட்டார். கணக்கில் கைதேர்ந்தவர் தம் சொந்தக் கணக்கில் மட்டும் கோட்டை விடுவாரா?

அவருக்குச் சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் அதே பெயருடைய வேறொரு கணித அறிஞர் இருந்தார். ஆகவே, நம் பாஸ்கரரை இரண்டாம் பாஸ்கரர் என்று சரித்திர ஆசிரியர்கள் குறிப்பிடுவார்கள்.

பாஸ்கரருக்கு ஆசிரியர் வேறு யாரும் அல்ல; தந்தை மகேசுவரரே. தலைமுறை தலைமுறையாகக் கல்வியையே சொத்தாகக் கொண்ட குடும்பம் அது. அவருடைய முன்னோர் ஒருவர் போஜராஜனிடம் வித்யாபதி என்ற பட்டம் பெற்றவர்.

அந்தக் காலத்தில் கணக்குப் போட நோட்டுப் புத்தகமும் பேனாவும் ஏது? பலகையின் மேல் புழுதியைப் பரப்பி, அதில் விரலாலோ குச்சியாலோ எண்களை எழுதுவார்கள். ஒரு படி முடிந்ததும் அதை அழித்துவிட்டு அடுத்த படியை எழுதுவார்கள். விடை மட்டும்தான் கடைசியில் மிஞ்சும். போட்ட வழி மனத்தில் நிற்க வேண்டும். ஆகையால் சூத்திரங்களைப் பாட்டாகக் கட்டி மனப்பாடம் செய்தார்கள். பாஸ்கரரும் அப்படித்தான் படித்தார். பிறகு தாமும் பாட்டாகவே எழுதினார்.

36 வயதில் ஒரு மகுடம்

பஞ்சாங்கம் கணிப்பது அந்தக் காலத்தில் பெரிய பொறுப்பு. கிரகணம் என்றைக்கு, எந்த நாழிகையில் பிடிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். கணக்கு பிசகினால் ஊரே சிரிக்கும். வானத்தைக் கணிக்கிறவனுக்கு எண்கணிதமும் வேண்டும், பீஜகணிதமும் வேண்டும். ஆனால், முன்னோர்கள் எழுதிய நூல்களோ மிகவும் விரிந்து கிடந்தன. பிரம்மகுப்தர், ஸ்ரீதரர், பத்மநாபர் ஆகியோரின் நூல்களைக் கற்ற பாஸ்கரர், அவற்றின் சாரத்தைப் பிழிந்து மாணவர்களுக்குச் சுருக்கமாகத் தர விரும்பினார்.

இதன் பயனாகப் பிறந்ததுதான் சித்தாந்த சிரோமணி. நூல்களுக்கெல்லாம் முடிமணி என்று பொருள். இதில் நான்கு பாகங்கள் உண்டு. எண்கணிதத்தைச் சொல்வது லீலாவதி. தெரியாத எண்ணைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்வது பீஜகணிதம். கிரகங்களின் போக்கைச் சொல்வது கிரககணிதம். பூமியையும் வானத்தையும் கோளமாகக் கொண்டு விளக்குவது கோளாத்தியாயம்.

பாஸ்கரரிடம் இருந்த ஒரு நல்ல குணம், எதையும் கேள்வி கேட்டுப் பார்ப்பது. பூமியை ஏதோ ஒன்று தாங்கிக்கொண்டிருக்கிறது என்று பலர் நம்பிய காலம் அது. தாங்குகிற பொருளை எது தாங்குகிறது என்று பாஸ்கரர் கேட்டார். அதற்கும் ஒன்று உண்டு என்றால், அதைத் தாங்குவது எது? இப்படியே போனால் முடிவு ஏது? கடைசியில் ஏதோ ஒன்று தானாக நிற்கத்தான் வேண்டும். அது ஏன் பூமியாகவே இருக்கக் கூடாது என்பது அவருடைய வாதம்.

வானத்தை அளக்கும் கருவிகள் பலவற்றை அவர் வர்ணித்திருக்கிறார். அவை எல்லாவற்றிலும் உயர்ந்த கருவி எது தெரியுமா? மனிதனின் புத்தி என்கிறார்! கையில் ஒரு கோலும் தலையில் அறிவும் இருந்தால், எட்ட நிற்கும் மூங்கிலின் உயரத்தைக்கூட அளந்துவிடலாம் என்று காட்டினார்.

பூந்தோட்டத்தில் ஒரு கணக்கு

இனி லீலாவதிக்குள் நுழைவோம். அதில் வரும் கணக்கு ஒன்றின் விஷயத்தை நம் வார்த்தையில் சொல்கிறோம்.

ஒரு வண்டுக் கூட்டம். மொத்தத்தில் பாதியை எடுத்து, அதன் வர்க்கமூலம் எவ்வளவோ அத்தனை வண்டுகள் மல்லிகைப் புதருக்குப் போய்விட்டன. மொத்தத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கும் அவற்றின் பின்னாலேயே போயிற்று. மிச்சம் இரண்டே வண்டுகள். ஒன்று தாமரைப் பூவுக்குள் சிக்கிக்கொண்டு ரீங்காரம் செய்கிறது. அதன் ஜோடி வெளியே சுற்றிச் சுற்றி வருகிறது. மொத்தம் எத்தனை வண்டுகள்?

வர்க்கமூலம் என்றால் பயப்பட வேண்டாம். ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் வருவது வர்க்கம். 6-ஐ 6-ஆல் பெருக்கினால் 36. ஆகவே 6-இன் வர்க்கம் 36; 36-இன் வர்க்கமூலம் 6. அவ்வளவுதான்.

கணக்கின் விடை 72. சரி பார்ப்போம். 72-இல் பாதி 36. அதன் வர்க்கமூலம் 6. மல்லிகைக்குப் போனவை 6. 72-இல் ஒன்பதில் எட்டுப் பங்கு 64. ஆறும் அறுபத்து நான்கும் 70. தாமரையில் ஒன்று, வெளியே ஒன்று. ஆக 72. சரியாகிவிட்டது!

தெரியாத எண் ஒன்று, தனியாகவும் வருகிறது, வர்க்கமாகவும் வருகிறது. இரண்டையும் சேர்த்துக் கட்டிய கணக்குத்தான் இருபடிச் சமன்பாடு. பாஸ்கரரின் காலத்தில் இதை மத்யமாஹரணம் என்றார்கள். நடுவில் நிற்கும் உறுப்பை நீக்குதல் என்று அர்த்தம். பள்ளிப் பிள்ளைகள் தெரியாத எண்ணுக்கு எக்ஸ் என்று எழுதுகிறார்கள் அல்லவா? பாஸ்கரர் யா என்ற எழுத்தைப் போட்டார். எவ்வளவோ அவ்வளவு என்று பொருள்படும் யாவத்தாவத் என்ற சொல்லின் முதல் எழுத்து அது. தெரியாத எண்கள் பல இருந்தால் கறுப்பு, நீலம் என்று நிறங்களின் பெயர்களைச் சூட்டினார்.

லீலாவதி யார்?

புத்தகத்துக்கு லீலாவதி என்று பெயர் வந்ததைப் பற்றி உருக்கமான கதை ஒன்று வழங்குகிறது.

லீலாவதி பாஸ்கரரின் மகளாம். அவளுக்கு மணவாழ்க்கை இல்லை என்று ஜாதகம் சொல்லிற்றாம். தந்தை கணக்குப் போட்டுப் பார்த்து, ஒரே ஒரு நல்ல முகூர்த்தத்தைக் கண்டுபிடித்தார். நேரம் தவறக் கூடாது என்று நாழிகை வட்டிலை நீரில் மிதக்கவிட்டார். அடியில் சிறு துளையுள்ள கிண்ணம் அது. துளை வழியே நீர் ஏறிக் கிண்ணம் மூழ்கினால் ஒரு நாழிகை. மணப்பெண் ஆவலோடு குனிந்து பார்த்தாள். அவள் அணிந்திருந்த முத்து ஒன்று கிண்ணத்தில் விழுந்து துளையை அடைத்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. கிண்ணம் மூழ்கவே இல்லை. முகூர்த்தம் தப்பிவிட்டது! மனமுடைந்த மகளைத் தேற்றுவதற்காக, அவள் பெயர் என்றும் நிலைக்கும்படி தந்தை இந்த நூலை எழுதினார் என்பது கதை.

கேட்கும்போது கண் கலங்குகிறது. ஆனால், இந்தக் கதை பாஸ்கரரின் நூலில் இல்லை. அக்பரின் அவைப் புலவர் பைஸி, 1587-ஆம் ஆண்டில் லீலாவதியைப் பாரசீக மொழியில் பெயர்த்தார். அதன் முன்னுரையில்தான் இது வருகிறது. பாஸ்கரரின் காலத்துக்கும் அதற்கும் நானூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. லீலாவதி என்ற சொல்லுக்கு விளையாட்டும் அழகும் உடையவள் என்பது பொருள். கணக்கு விளையாட்டைப் போல இனிக்க வேண்டும் என்று எண்ணியும் அந்தப் பெயரைச் சூட்டியிருக்கலாம்.

கதை எப்படி இருந்தாலும் ஒன்று நிச்சயம். பாஸ்கரர் தம் கணக்குகளை எதிரே ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு பேசுவதைப் போலவே எழுதினார். ஓரிடத்தில் இளம்பெண்ணைப் பார்த்துக் கேட்கிறார். ஓரிடத்தில் நண்பனைக் கேட்கிறார். ஓரிடத்தில் வியாபாரியைக் கேட்கிறார். வட்டிக் கணக்கு, பண்டமாற்று, தானியக் குவியல், மரம் அறுக்கும் கூலி என்று எல்லாம் அவர் நூலில் உண்டு. வீட்டிலும் சந்தையிலும் நடக்கும் காரியங்களைக் கொண்டே அவர் கணக்குக் கற்பித்தார்.

நான்கு அட்டைகளில் ஓர் இரகசியம்

இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் வழியைப் பாஸ்கரர் தாமே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. ஸ்ரீதரர் சொன்ன வழி இது என்று பெயரைக் குறிப்பிட்டே எழுதினார். இது சிறிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். ஸ்ரீதரர் எழுதிய பீஜகணித நூல் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. காலவெள்ளத்தில் போயே போய்விட்டது. பாஸ்கரரைப் போன்றவர்கள் பெயரோடு எடுத்துச் சொன்னதால்தான் அந்த விதியும் அதைச் சொன்னவரின் புகழும் பிழைத்தன. முன்னோனின் பெயரை மறைக்காமல் சொன்ன நேர்மையால் ஓர் அறிஞரின் உழைப்பு காப்பாற்றப்பட்டது.

அந்த விதியை இன்றைய வாழ்க்கைக் கணக்கு ஒன்றில் பொருத்திப் பார்ப்போமா?

சில நண்பர்கள் கோயிலுக்குப் போக 1,200 ரூபாய்க்கு வேன் பேசினார்கள். புறப்படும் சமயத்தில் இரண்டு பேர் வரவில்லை. மற்றவர்கள் தலைக்கு 20 ரூபாய் கூடக் கொடுக்க வேண்டியதாயிற்று. முதலில் எத்தனை பேர் போவதாக இருந்தது?

முதலில் பேசிய ஆட்களுக்கும் போன ஆட்களுக்கும் வித்தியாசம் 2. இது தெரிந்ததே. வராத இருவரின் பங்கைத்தான் போனவர்கள் ஆளுக்கு 20 ரூபாயாகச் சுமந்தார்கள். ஒருவர் பங்கு என்பது 1,200-ஐ முதலில் பேசிய ஆட்களால் வகுத்தால் வருவது. இருவர் பங்கு என்றால் 2,400-ஐ அப்படி வகுக்க வேண்டும். அதைப் போன ஆட்களாலும் வகுத்தால் 20 வருகிறது. ஆகவே இரண்டு எண்களையும் பெருக்கி, அதை 20-ஆல் பெருக்கினால் 2,400. அதாவது, இரண்டு எண்களின் பெருக்குத்தொகை 120.

பெருக்குத்தொகை 120, வித்தியாசம் 2. எண்கள் எவை? இங்கேதான் ஸ்ரீதரரின் விதி உதவுகிறது. பெருக்குத்தொகையை நான்கால் பெருக்கு: 480. வித்தியாசத்தின் வர்க்கத்தைக் கூட்டு: 484. வர்க்கமூலம் எடு: 22. இது இரண்டு எண்களின் கூட்டுத்தொகை. கூட்டினால் 22, கழித்தால் 2 என்றால் எண்கள் 12, 10. முதலில் பேசியவர்கள் 12 பேர். போனவர்கள் 10 பேர். தலைக்கு 100 ரூபாய் 120 ரூபாயாக ஆயிற்று. கணக்கு நேராகிவிட்டது.

நான்கால் பெருக்குவது எதற்கு? அட்டையை வெட்டிக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். நீளம் 12 சென்டிமீட்டர், அகலம் 10 சென்டிமீட்டராக ஒரே அளவில் நான்கு அட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். முதல் அட்டையைப் படுக்கையாக வையுங்கள். அதன் வலது ஓரத்தை ஒட்டி, மேல் விளிம்புகள் ஒரே கோட்டில் இருக்கும்படி இரண்டாவதை நிற்கவையுங்கள். மூன்றாவதைக் கீழே படுக்கையாகவும், நான்காவதை இடது புறம் நிற்கும்படியும் வைத்துச் சுற்றிவாருங்கள். 22 சென்டிமீட்டர் பக்கமுள்ள பெரிய சதுரம் கிடைக்கும். நடுவில் 2 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு சிறிய சதுரம் மட்டும் ஓட்டையாக நிற்கும். நான்கு அட்டைகளும் நடுச் சதுரமும் சேர்ந்தால் பெரிய சதுரம்! நான்கு மடங்கின் இரகசியம் இதுதான்.

நிலத்துக்கும் இதே வழிதான். ஒரு மனை 1,200 சதுர அடி. அகலத்தைவிட நீளம் 10 அடி அதிகம். நான்கு மடங்கு 4,800. பத்தின் வர்க்கம் 100. கூட்டினால் 4,900. வர்க்கமூலம் 70. ஆகவே, நீளம் 40 அடி, அகலம் 30 அடி. வேலி போட எத்தனை அடி கம்பி வேண்டும், சுவருக்கு எத்தனை செங்கல் வேண்டும் என்று பிறகு சுலபமாகச் சொல்லிவிடலாம்.

ஒரு கேள்விக்கு இரண்டு விடை

பாஸ்கரரின் பெருமை விடை கண்டதோடு நிற்கவில்லை. கண்ட விடையை என்ன செய்வது என்று அவர் யோசித்ததில்தான் இருக்கிறது.

நேர் எண்ணை வர்க்கம் செய்தாலும், குறை எண்ணை வர்க்கம் செய்தாலும் வருவது நேர் எண்ணே என்று அவர் தெளிவாகச் சொன்னார். ஆகவே, ஒரு நேர் எண்ணுக்கு வர்க்கமூலம் இரண்டு. அதனால் இருபடிக் கணக்குக்கு இரண்டு விடைகள் வரலாம். இரண்டையும் ஏற்பதா? ஒன்றை விடுவதா? அதைச் சொல்ல அவர் மறுபடியும் குரங்குகளைக் கூப்பிட்டார்.

ஒரு குரங்குக் கூட்டம். மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கின் வர்க்கம் எவ்வளவோ அவ்வளவு குரங்குகள் காட்டில் விளையாடுகின்றன. மீதி 12 குன்றின் மேல் இருக்கின்றன. மொத்தம் எத்தனை? 48 என்றால் எட்டில் ஒரு பங்கு 6, வர்க்கம் 36, பன்னிரண்டு சேர்ந்தால் 48. சரி. 16 என்றாலும் எட்டில் ஒரு பங்கு 2, வர்க்கம் 4, பன்னிரண்டு சேர்ந்தால் 16. அதுவும் சரி! இரண்டு விடைகளையும் பாஸ்கரர் ஏற்றுக்கொண்டார்.

அடுத்த கணக்கு இது. கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து, அதில் 3-ஐக் கழித்து, வர்க்கம் செய்தால் வரும் அத்தனை குரங்குகள் குகைக்குள் போய்விட்டன. ஒன்று மட்டும் கிளையில் தெரிகிறது. மொத்தம் எத்தனை? இதற்கு 50 என்றும் 5 என்றும் இரண்டு விடைகள் வருகின்றன. 50 என்றால் ஐந்தில் ஒரு பங்கு 10, மூன்று போக 7, வர்க்கம் 49, கிளையில் ஒன்று, ஆக 50. சரி. 5 என்றால் ஐந்தில் ஒரு பங்கு ஒரே ஒரு குரங்கு. ஒன்றிலிருந்து மூன்றை எப்படிக் கழிப்பது? எண்ணளவில் போட்டால் குறை 2 வருகிறது, அதன் வர்க்கம் 4, கணக்கும் பொருந்துகிறது. ஆனால் குறை இரண்டு குரங்கு என்று உலகத்தில் உண்டா? ஜனங்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று அந்த விடையைத் தள்ளிவிட்டார் பாஸ்கரர்.

அப்படியானால் குறை எண் என்றாலே அவர் ஒதுக்கிவிட்டாரா? இல்லை. நம் நாட்டுக் கணித நூல்களில் நேர் எண்ணுக்குத் தனம் என்றும், குறை எண்ணுக்கு ருணம், அதாவது கடன் என்றும் பெயர். கையில் இருப்பது ஒரு பக்கம். கொடுக்க வேண்டியது மறு பக்கம். லீலாவதியிலேயே ஒரு முக்கோணக் கணக்கு வருகிறது. பக்கங்கள் 10, 17, அடிப்பக்கம் 9. உச்சியிலிருந்து நேர்கோடு இறக்கினால் அடிப்பக்கத்தின் ஒரு துண்டு குறை 6 என்று வரும். இங்கே பாஸ்கரர் விடையைத் தள்ளவில்லை. அந்தத் துண்டு எதிர்த் திசையில் இருக்கிறது, கோடு முக்கோணத்துக்கு வெளியே விழுகிறது என்று பொருள் சொன்னார். படம் வரைந்து பார்த்தால் அப்படியேதான் இருக்கிறது!

ஒரே குறை எண். குரங்குக்குப் பொருந்தவில்லை, கோட்டுக்குப் பொருந்துகிறது. கணக்கு இரண்டு விடைகளைக் கையில் கொடுக்கும். எது நிற்கும் என்று உலகத்தோடு ஒத்துப்பார்த்து மனிதன்தான் தீர்மானிக்க வேண்டும். புத்தியே சிறந்த கருவி என்று அவர் சொன்னதன் அர்த்தம் இதுதான்.

நம் வேன் கணக்குக்கும் இரண்டாவது விடை ஒன்று உண்டு: குறை 10 பேர். அதை யாரும் வேனில் ஏற்ற முடியாது, தள்ளிவிட வேண்டியதுதான். ஆனால் பந்தை எறியும் கணக்கைப் பாருங்கள். விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நேராக மேலே எறிந்த பந்து, 15 மீட்டர் உயரத்தில் இருப்பது எப்போது? சுமார் 1 விநாடி கழித்து ஒரு முறை. 3 விநாடி கழித்து இன்னொரு முறை. ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. இரண்டுமே உண்மை. ஒன்றை விட்டால் பாதிக் கதைதான் தெரியும்.

செக்குக்கு ஒரு கரண்டி எண்ணெய்

பாஸ்கரர் முதுமையிலும் சும்மா இருக்கவில்லை. 1183-ஆம் ஆண்டில், தமது 69-ஆவது வயதில், கரணகுதூகலம் என்ற வானநூலை எழுதினார். பஞ்சாங்கம் கணிப்பவர்கள் எளிதாகப் பயன்படுத்துவதற்காக எழுதிய கைந்நூல் அது. சித்தாந்த சிரோமணிக்குத் தாமே உரையும் எழுதினார். விதியை மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், அது ஏன் சரி என்று காரணமும் காட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அவருடைய மகன் இலக்குமிதரர். யாதவ மன்னன் ஜைத்ரபாலன் அவரைத் தன் அவைக்கு அழைத்துக்கொண்டான். பேரன் சங்கதேவர். அவர் சிங்கண மன்னனின் தலைமைச் சோதிடராக விளங்கினார். இந்தப் பேரன் செய்த காரியம் ஒன்று நம் மனத்தைத் தொடுகிறது.

இன்றைய மகாராஷ்டிர மாநிலத்தில், சாலிஸ்காவ் நகரத்துக்கு அருகே பாடண் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே தம் பாட்டனாரின் நூல்களைக் கற்பிப்பதற்கென்றே சங்கதேவர் ஒரு மடம் அமைத்தார். 1207-ஆம் ஆண்டு, சந்திர கிரகண நாளில், சோயிதேவன் என்ற சிற்றரசன் அந்த மடத்துக்கு மானியம் வழங்கினான். இதெல்லாம் அங்குள்ள கோயில் கல்வெட்டில் பொறிக்கப்பட்டிருக்கிறது. பம்பாயைச் சேர்ந்த டாக்டர் பாவு தாஜி 1865-இல் அதை அறிஞர் உலகுக்குத் தெரிவித்தார். பாஸ்கரரின் குலமுறை நமக்குத் தெரிய வந்ததும் அந்தக் கல்லினால்தான்.

கல்வெட்டின் ஒரு பகுதி ஊர் மக்கள் பேசிய மராத்தி மொழியில் இருக்கிறது. சந்தையில் விற்கும் பண்டங்களிலிருந்து மடத்துக்குச் சேர வேண்டிய பங்கு அதில் சொல்லப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு செக்குக்கும் ஒரு கரண்டி எண்ணெய் என்ற ஏற்பாடும் உண்டு. செக்கு ஆட்டியவர்களுக்கு பீஜகணிதம் தெரிந்திருக்குமா? தெரிந்திராது. ஆனாலும், ஒரு கணக்குப் பள்ளிக்கூடம் அணையாமல் இருக்க அவர்கள் செக்கிலிருந்து எண்ணெய் போயிற்று. கல்வி என்பது ஒருவர் தலைக்குள் மட்டும் விளைவதல்ல. ஊர் முழுவதும் சேர்ந்து அதைத் தாங்க வேண்டியிருக்கிறது.

கடல் கடந்த கணக்கு

பைஸிக்குப் பிறகு, ஷாஜஹான் காலத்தில் பீஜகணிதமும் பாரசீகத்துக்குப் போயிற்று. 1817-ஆம் ஆண்டில் கோல்புரூக் என்ற ஆங்கிலேயர் லீலாவதியையும் பீஜகணிதத்தையும் சமஸ்கிருதத்திலிருந்து நேராக ஆங்கிலத்தில் பெயர்த்து லண்டனில் வெளியிட்டார். அப்போதுதான் மேல்நாட்டு அறிஞர்கள் வியந்து நின்றார்கள்.

வியப்புக்குக் காரணம் இருந்தது. 1657-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா ஒரு சவால் விடுத்தார். ஒரு முழு எண்ணின் வர்க்கத்தை 61-ஆல் பெருக்கி ஒன்று கூட்டினால், வருவதும் ஒரு முழு வர்க்கமாக இருக்க வேண்டும்; அந்த எண் எது? பார்ப்பதற்கு விளையாட்டுப் போலத் தோன்றும். ஆனால் மிகச் சிறிய விடையே 22,61,53,980! ஃபெர்மா அதைக் கேட்பதற்கு 500 ஆண்டுகளுக்கு முன்பே, பாஸ்கரரின் பீஜகணிதத்தில் அதே 61 உதாரணமாக வந்திருக்கிறது. விடையும் இருக்கிறது. சக்கரவாளம் என்ற முறையால் அவர் அதைக் கண்டார். சக்கரம் போலச் சுற்றிச் சுற்றி வந்து விடையை எட்டும் முறை அது. அதையும் தம்முடையது என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. முன்னோர்கள் சக்கரவாளம் என்று அழைத்தது என்றே குறித்தார்.

நம் நாடு 1979-ஆம் ஆண்டிலும் 1981-ஆம் ஆண்டிலும் விண்ணில் செலுத்திய இரண்டு செயற்கைக்கோள்களுக்குப் பாஸ்கரா என்று பெயர் சூட்டப்பட்டது. புழுதிப் பலகையில் குச்சியால் எண் எழுதியவரின் பெயர் பூமியைச் சுற்றி வந்தது.

முடிவாக, வீட்டில் எல்லோரும் சேர்ந்து போட்டுப் பார்க்க லீலாவதியிலுள்ள இன்னொரு கணக்கு. ஓர் அன்னக் கூட்டம். மழை மேகத்தைக் கண்டதும், மொத்தத்தின் வர்க்கமூலத்தைப் போல் பத்து மடங்கு அன்னங்கள் மானச ஏரிக்குப் பறந்தன. எட்டில் ஒரு பங்கு காட்டுப் பக்கம் போயிற்று. மூன்று ஜோடிகள் மட்டும் நீரிலேயே விளையாடிக்கொண்டிருந்தன. மொத்தம் எத்தனை?

விடை 144. ஆனால், நாங்கள் சொன்னோம் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். அன்னங்களை ஒவ்வொரு கூட்டமாக எண்ணி, சரிதானா என்று பாருங்கள். பாஸ்கராச்சாரியார் தம் மாணவர்களிடம் எதிர்பார்த்ததும் அதுதான்.